பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. பள்ளிபாளையத்து வீடுகளில் முடங்கிக் கிடக்கும் கணினிகளை மறுபடி ஓட வைக்க லினக்ஸ் என்ற இயங்குதளம் காத்திருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம். கற்றுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

காவிரிக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் தறி ஊரான பள்ளிபாளையத்தில் ஒரு தெருவில் நாலு வீடு ஏறி இறங்கினால் போதும், அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று எங்கேயாவது கண்ணில் படும். பீரோவுக்கு மேலே, தறிப்பட்டறையில் நூல் மூட்டைகளுக்கு நடுவே, பரணில் பழைய பாடப் புத்தகங்களோடு. பிளஸ் டூ படித்தபோது வீட்டுப் பிள்ளைக்கு வந்தது. இப்போது ஆன் செய்தால் திரை வர ஐந்து நிமிடம் ஆகிறது. பேட்டரி நிற்பதில்லை. கடையில் காட்டினால், “இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டுங்க, புதுசு வாங்கிக்கோங்க” என்ற பதில்தான் கிடைக்கிறது. வாரக் கூலியை வைத்து ஓடும் வீட்டில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவு சட்டென்று எடுக்கிற முடிவா? பழையது மூலைக்குப் போகிறது. பிள்ளையின் படிப்பு செல்போன் திரைக்குள் சுருங்கிவிடுகிறது.

அந்த லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அவற்றுக்குள் ஓடும் மென்பொருளை மாற்றினால் போதும்.

மெனுவில் இருந்த இரண்டாவது வரி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் லேப்டாப்புகள் போய்ச் சேர்ந்தன. உலகத்தில் வேறெந்த மாநில அரசும் அதுவரை இந்த அளவில் செய்யத் துணியாத காரியம் என்றே சொல்லலாம்.

அந்த முதல் கட்ட லேப்டாப்புகளை ஆன் செய்தவுடன் ஒரு மெனு வரும். அதில் ஒரு வரி விண்டோஸ். இன்னொரு வரி ‘பாஸ்’ லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவாகி, 2007 ஜனவரியில் முதன்முதலாக வெளிவந்த இயங்குதளம். டெபியன் என்ற உலகப் புகழ்பெற்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்காகச் சீர் செய்யப்பட்டது.

ஆக, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே பள்ளிபாளையத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கு லினக்ஸ் வந்துவிட்டது, அதுவும் தமிழ்நாட்டிலேயே செய்த லினக்ஸ். ஆனால் அந்த இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தவர்கள் மிகக் குறைவு. தெரியாமல் அழுத்தி உள்ளே போனவர்கள் பயந்துபோய் வெளியே வந்தார்கள். பல வீடுகளில் ‘இடத்தை அடைக்கிறது’ என்று சொல்லிக் கடையில் அழித்தே விட்டார்கள். கற்றுக்கொடுக்கப் பள்ளியிலும் ஆளில்லை, தெருவிலும் ஆளில்லை. மென்பொருளை இலவசமாகக் கொடுத்த அரசு, அதைச் சொல்லித்தரும் மனிதரைக் கொடுக்கவில்லை. இந்தக் குறை தீர்ந்தால் மற்றவை தானாக நடக்கும்.

இப்போது ஏன் பேச வேண்டும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று ஒரு தவணை கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க வீட்டுக் கணினிகளுக்கு வழி இல்லை.

விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கான நிபந்தனைகள் கடுமையானவை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதாவது 2017-க்குப் பிறகு வந்தவை. அரசு லேப்டாப்புகளில் பெரும்பகுதியும், ஈரோட்டுக் கடைகளில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்த கணினிகளில் பலவும் இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

இன்னொரு உண்மையையும் பேசியாக வேண்டும். நம் ஊர்களில் அசெம்பிள் செய்து வாங்கும் கணினிகளில் ஓடும் விண்டோஸ் பெரும்பாலும் திருட்டுப் பிரதி. முறையான உரிமம் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். அதைக் கொடுக்க முடியாமல், இணையத்தில் கிடைக்கும் ‘கிராக்’ ஒன்றைப் போட்டு ஓட்டுகிறோம். அந்த கிராக் வழியாகத்தான் பல கணினிகளுக்குள் வைரஸ் நுழைகிறது. கடைக் கணக்கும், வங்கிக் கடவுச்சொல்லும், பிள்ளைகளின் போட்டோக்களும் இருக்கிற பெட்டியின் சாவியை முன்பின் தெரியாதவரிடம் நாமே கொடுத்துவிடுகிறோம். முறையாக, நேர்மையாக, ஒரு ரூபாய் செலவில்லாமல் கணினி ஓட்ட வழி இருக்கும்போது இந்த நிலை தேவையா?

திறந்து பார்க்கும் உரிமை

லினக்ஸின் கதை ஒரு பிரிண்டரில் தொடங்குகிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்டு ஸ்டால்மன், அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்ட ஜெராக்ஸ் பிரிண்டரின் மென்பொருளைத் திருத்த நினைத்தார். அதன் மூல நிரலைக் கேட்டபோது, அதை வைத்திருந்தவர் ஒப்பந்தத்தைக் காரணம் காட்டித் தர மறுத்துவிட்டார். நம் அறையில் இருக்கும் இயந்திரத்தை நாமே சரிசெய்யக் கூடாதா என்ற கோபம் ஸ்டால்மனை விடவில்லை. 1983 செப்டம்பர் 27-இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று படிக்கலாம், பிறருக்குப் பகிரலாம், மாற்றி மேம்படுத்தி வெளியிடலாம் என்ற நான்கு உரிமைகளை அடிப்படையாக வைத்தார். இந்த உரிமைகளோடு வரும் மென்பொருளைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அவர் எழுதிய கெர்னல் என்ற மையப் பகுதியும் க்னூ திட்டத்தின் கருவிகளும் சேர்ந்து, நாம் இன்று லினக்ஸ் என்று அழைக்கும் இயங்குதளம் ஆனது. 2017 நவம்பர் முதல் உலகின் மிக வேகமான 500 கணினிகள் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னலே. 2023-இல் நம் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளத்தைப் போட முடிவெடுத்தது.

இந்த உரிமைகளின் அருமை பள்ளிபாளையத்துக்காரர்களுக்குப் புரியாததா? விசைத்தறி நின்றால் மெக்கானிக் வந்து பிரிக்கிறார். தேய்ந்துபோன பாகத்தை ஊர்ப் பட்டறையில் கடைந்து மாட்டுகிறார். துண்டு ஓடிய தறியில் லுங்கி ஓட்ட வேண்டுமென்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறோம். தறியைத் திறக்கக் கூடாது, அடுத்தவருக்குச் சொல்லித்தரக் கூடாது, செய்த கம்பெனி நினைத்தால் ஒரு தேதியோடு நிறுத்திவிடும் என்று யாராவது நிபந்தனை போட்டிருந்தால், காவிரிக் கரையில் இத்தனை ஆயிரம் தறிகள் பெருகியிருக்குமா? கணினிக்கும் அதே சுதந்திரம் வேண்டும் என்பதுதான் லினக்ஸ்காரர்களின் கோரிக்கை.

கேரளம் எப்படிச் சாதித்தது?

தமிழ்நாட்டில் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2005-இல் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையில் தொடங்கின. எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி.உமாசங்கர் ஐஏஎஸ் அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல் உபுண்டுவுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் இடம் கொடுத்தது.

ஆனாலும் இவை தனித்தனித் தீவுகளாகவே நின்றன. பாஸைச் செய்தது ஒரு துறை, லேப்டாப்பை வாங்கியது இன்னொன்று, பாடம் எழுதியது மூன்றாவது. லேப்டாப்பில் பாஸ் இருந்த காலத்தில் வகுப்பில் பாஸ் பாடம் இல்லை. வகுப்புக்கு உபுண்டு வந்தபோது முதல் தொகுதி லேப்டாப்புகள் பழசாகிவிட்டிருந்தன.

கேரளம் வேறு வரிசையில் போனது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பை உருவாக்கியது. பத்தாம் வகுப்பின் கணினிச் செய்முறைத் தேர்வையே லினக்ஸில் நடத்தியது. தேர்வு லினக்ஸில் என்றானதும் பள்ளி தானாகக் கற்றது, வீடும் கற்றது. 2017-இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அடுத்த ஆண்டு ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற பெயரில் பள்ளிதோறும் மாணவர் மன்றங்கள் வந்தன. ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க, பக்கத்து பெஞ்சில் இன்னொரு பிள்ளை இருக்கிறது. லினக்ஸ் அங்கே வேரூன்றியதன் ரகசியம் அதுதான்.

ஐரோப்பாவிலும் இதே பாடம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல் ஆதரவும் ஊழியர்களுக்கான துணையும் தளர்ந்தபோது, நன்றாக ஓடிய மென்பொருளும் கைவிடப்பட்டது. கணினியை மாற்றுவது ஒருநாள் வேலை. மனிதர்களோடு கூட நிற்பது தொடர்ந்து செய்யவேண்டிய வேலை.

தொடங்குவது எப்படி?

இனி காரியத்துக்கு வருவோம். கணினியைப் பற்றி அதிகம் தெரியாதவரும் இந்த வரிசையில் போனால் பயமில்லாமல் லினக்ஸுக்கு மாறலாம்.

முதல் வேலை, கணினியில் உள்ளதைக் காப்பாற்றுவது. போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்கு, பிள்ளையின் புராஜெக்ட் எல்லாவற்றையும் வெளியில் உள்ள ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்கள். முக்கியமானவற்றை இரண்டு இடத்தில் வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

இரண்டாவது, ரேம் எவ்வளவு என்று பாருங்கள். 4 ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்தால் லினக்ஸ் மின்ட் பொருத்தம். விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது: இடது கீழ் மூலையில் மெனு, கீழே டாஸ்க் பார். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு பழைய கணினிகளுக்கு இலகுவானது. 2024-இல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. கொஞ்சம் புதிய கணினி என்றால் உபுண்டுவும் நல்ல தேர்வு. ரேம் 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய அரசு லேப்டாப்புகளுக்கு லுபுண்டு அல்லது எம்எக்ஸ் லினக்ஸ் பாருங்கள். நூற்றுக்கணக்கான லினக்ஸ் வகைகள் உண்டு; எது சிறந்தது என்ற விவாதத்தில் புதியவர் இறங்க வேண்டியதில்லை. ஒன்றை எடுத்து ஆறு மாதம் பழகினால், மற்றவை தானாகப் புரியும்.

மூன்றாவது, அந்த லினக்ஸின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைத் தரவிறக்குங்கள். மின்ட் என்றால் ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். விண்டோஸில் ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் அதை ஏற்றுங்கள். அந்த பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது படிதான் லினக்ஸின் பெரிய வரப்பிரசாதம். பென் டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்யும்போது கம்பெனிக்கு ஏற்றபடி எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸும் திரையில் வந்து நிற்கும். இதை லைவ் முறை என்பார்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா, டச் பேட், பிரிண்டர் வேலை செய்கிறதா என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சோதியுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாகத்தான் இருக்கும். பிடிக்கவில்லையா? கணினியை அணைத்து, பென் டிரைவை உருவிவிடுங்கள். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

ஐந்தாவது, இன்ஸ்டால். லைவ் திரையிலேயே அதற்கான ஐகான் இருக்கும். முக்கியமான கேள்வி ஒன்று வரும்: விண்டோஸோடு சேர்த்துப் போடவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா? வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால், முதலில் சேர்த்தே போடுங்கள். ஒவ்வொரு முறையும் மெனுவில் இரண்டும் வரும். மனது துணிந்த பிறகு விண்டோஸை நீக்கலாம். புதிய லேப்டாப்புகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு இயங்கிக்கொண்டிருந்தால், அதன் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளாமல் கை வைக்காதீர்கள். மின்சாரம் போனால் நடுவழியில் நிற்கும் பேட்டரியோடு இன்ஸ்டால் வேலையைத் தொடங்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் அப்டேட் மேனேஜரை ஒருமுறை ஓட விடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவி மின்டிலேயே வருகிறது. ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்ப உதவும்; அதை முதல் நாளே இயக்கி வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அலுவலக வேலைகளுக்கான லிப்ரே ஆபீஸும் ஏற்கெனவே இருக்கும். விஎல்சி, படங்களைத் திருத்தும் கிம்ப், வடிவமைப்புக்கான இங்க்ஸ்கேப் எல்லாம் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரு சொடுக்கில் வரும். கண்ட இணையதளத்திலிருந்து எதையும் இறக்க வேண்டிய அவசியமே இல்லை. பாதுகாப்பில் பாதி அந்தப் பழக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது.

ஆணைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையான டெர்மினலைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். முதல் மாதம் அதைத் திறக்காமலே காலம் தள்ளலாம். பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டால் அதைப் போல வேலையைச் சுருக்கமாக முடிக்கும் கருவி வேறில்லை. ஒரே ஒரு கண்டிப்பு: என்ன செய்யும் என்று தெரியாத ஆணையை, யாரோ சொன்னார்கள் என்பதற்காக அதில் ஒட்டாதீர்கள்.

பழைய லேப்டாப்பில் செலவு செய்ய மனமிருந்தால், புது விண்டோஸுக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டிய லேப்டாப்பில் லினக்ஸ் ஓடும் வேகத்தைப் பார்த்தவர்கள் அதை மறுபடி பரணில் ஏற்றமாட்டார்கள்.

தமிழில் எழுத

லினக்ஸில் தமிழ் நன்றாக வரும். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல் முறை, பழைய தட்டச்சு முறை எல்லாம் கிடைக்கின்றன. இங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் தங்கள் விரல் பழகிய அதே அமைப்பிலேயே அடிக்கலாம். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 நல்லது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை அது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும்.

யூனிகோட் எனப்படும் ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இலேயே அங்கீகரித்துவிட்டது. ஆனால் டிடிபி கடைகளில் இன்னும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் இந்த மாற்றத்தை ஒருநாள் செய்துதான் ஆக வேண்டும். லினக்ஸுக்கு வரும்போதே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

யார் அவசரப்படக் கூடாது?

லினக்ஸை நேசிப்பவர்கள் அதன் எல்லைகளையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். டேலியில் கணக்கு வைத்திருக்கும் நூல் கடையோ துணி வியாபாரமோ கண்ணை மூடிக்கொண்டு மாறக் கூடாது. டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஜிஎஸ்டி இணையதளமும் இ-வே பில்லும் உலாவியில் ஓடும் என்றாலும், ஆஃப்லைன் கருவி விண்டோஸுக்காகச் செய்தது. ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், கோரல் டிராவில் பிழைப்பு நடத்துகிற டிடிபி கடைக்காரர்களும், தறிக்கு டிசைன் போடும் தனி மென்பொருள் வைத்திருப்பவர்களும் ஒரு விண்டோஸ் கணினியை ஒதுக்கி வைத்துக்கொள்வதே நல்லது. கைரேகைக் கருவி வைத்து சேவை மையம் நடத்துபவர்கள், கருவி லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே யோசிக்க வேண்டும்.

பிரிண்டரும் கவனிக்க வேண்டியது. ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். நம் ஊர் கடைகளில் எங்கும் காணக் கிடைக்கும் கேனான் எல்பிபி 2900 கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். அதற்குத் தனி டிரைவர் தேடிப் போட வேண்டும். முன்பே சொன்ன லைவ் சோதனை இதற்காகத்தான்.

படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி எந்தத் தடையும் இல்லை. பாடம் படிக்க, பைத்தான் எழுத, இணையவழி விண்ணப்பம் போட, புராஜெக்ட் செய்ய, வீடியோ வகுப்பு பார்க்க லினக்ஸ் போதும். சொல்லப்போனால் அதுவே மேல். உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. வேலைக்குப் போன பிறகு அவர்கள் கற்கப் போவதை வீட்டிலேயே கற்றுவிடுகிறார்கள்.

தமிழில் சொல்லித்தர ஆள் உண்டு

ஆங்கிலம் தடையாகுமோ என்ற கவலை வேண்டாம். 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், த.சீனிவாசன், நித்யா துரைசாமி போன்றவர்களின் உழைப்பில் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் எழுதி எழுதிக் குவித்திருக்கிறது. லினக்ஸ் முதல் டேட்டாபேஸ் வரை எளிய தமிழில் மின்னூல்களாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே சிறு சிறு வீடியோக்களாகத் தருகிறது. தரவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பார்க்கலாம்.

சென்னையில் 1990-களின் இறுதியிலேயே லினக்ஸ் பயனர் குழு உருவாகிவிட்டது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு இயங்குகிறது. இணையவழிக் கூட்டங்களில் தமிழிலேயே பேசுகிறார்கள். விழுப்புரம் குழு கிராமத்து மாணவர்களுக்கு வகுப்பெடுத்து வருகிறது. விழுப்புரம் பெருநகரம் இல்லை, பெரிய ஐடி கம்பெனிகளின் ஊரும் இல்லை. அங்கே முடிந்தது காவிரிக் கரையில் முடியாதா?

பள்ளிபாளையத்தில் தொடங்கலாம்

இந்த ஊருக்கு என்ன குறை? சேஷசாயி காகித ஆலை 1960-களிலிருந்து ஓடுகிறது. தறியைப் பிரித்துப் பூட்டும் கைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பாலம் கடந்தால் ஈரோடு. இந்தப் பக்கம் திருச்செங்கோடும் குமாரபாளையமும் பொறியியல் கல்லூரிகளால் நிறைந்தவை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேப் செய்யும் ஒவ்வொரு மாணவரும் லினக்ஸுக்கும் பொதுவான யூனிக்ஸ் ஆணைகளைத் தட்டியவர்தான். சொல்லித்தர வேண்டிய ஆள் நம் தெருவிலேயே இருக்கிறார். அவருக்கே தெரியாது, தன்னிடம் இருப்பது ஊருக்குத் தேவையான அறிவு என்று.

மாதத்தில் ஒரு ஞாயிறு, தறி நிற்கிற நாளில், நூலகத்திலோ பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ இரண்டு மணி நேரம் கூடினால் போதும். கல்லூரி மாணவர்கள் நாலு பேர், பென் டிரைவ் இரண்டு, இணைய இணைப்பு ஒன்று, பிளக் பாயின்ட் உள்ள மேசை ஒன்று. மக்கள் பழைய லேப்டாப்போடு வரட்டும். முதலில் நகல் எடுப்பது, பிறகு லைவ் முறையில் சோதிப்பது, சம்மதித்தவர்களுக்கு மட்டும் இன்ஸ்டால் செய்வது என்று ஒழுங்காகப் போகலாம். கணினிப் பழுது பார்க்கும் கடைக்காரர்களையும் கூப்பிடுங்கள். எஸ்எஸ்டி மாட்டுவதும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பதும் அவர்களுக்கு நேர்மையான புது வருமானம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதல் கூட்டத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வீட்டுப் பெண்கள் வரவேண்டும் என்பதில் ஏற்பாட்டாளர்கள் உறுதியாக இருக்க வேண்டும். மகளிர் குழுக் கணக்கை எழுதுவதும், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பக் கடை கடையாக அலைவதும் பெரும்பாலும் அவர்கள்தான். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு கணக்கேடு போடத் தெரிந்த அம்மா, அந்தத் தெருவின் பத்து வீட்டுக்கு ஆசிரியை ஆகிவிடுவார்.

2025-26 தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்க 2,000 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவிப்பு வந்தது. அரசு மீண்டும் ஒருமுறை கணினி தர முன்வந்தது. அதில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதோடு, அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார் என்றும் கேட்போம். பள்ளிக் கல்வித்துறையும் உயர்கல்வித் துறையும் ஆசிரியர் பயிற்சிக்கு நிதி ஒதுக்கட்டும், மாணவர் மன்றங்களை அமைக்கட்டும், செய்முறைத் தேர்வை லினக்ஸில் நடத்தட்டும். அதுவரை ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் தெரியாதவர் இருவருக்கு ஒரு மாதம் துணை நின்றால், அடுத்த மாதம் துணை நிற்க மூன்று பேர் இருப்பார்கள். பள்ளிபாளையம் தறியைக் கற்றதும் அப்படித்தான்; கணினியையும் அப்படியே கற்கும்.